தண்ணீர் எழுதிய நீலம்

கிரைசோகொல்லா என்னும் செம்புக் கனிமத்தைக் கையில் வாங்கும் மாணவர்கள் எல்லோரும் முதலில் அதன் நிறத்தில்தான் மயங்குவார்கள். வானமும் கடலோரப் பச்சையும் கலந்த நீலம் அது, மயங்குவதில் தவறில்லை. நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடையைப் பார்க்கச் சொல்வேன். செம்பு கலந்த கல் என்றால் கனக்கும் என்று கை எதிர்பார்க்கும். மாலகைட், அசுரைட் இரண்டும் அப்படித்தான். தண்ணீரைவிட நாலு மடங்குக்குச் சற்றுக் குறைவான அடர்த்தி. இதுவோ இரண்டு மடங்கை ஒட்டித்தான் நிற்கும். உடைந்த பக்கத்தில் நாக்கை வைத்தால் பற்றி இழுக்கும். கனிமம் தேடி அலைந்தவர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட சோதனை அது. கனமில்லாததற்கும் நாக்கைப் பற்றுவதற்கும் உள்ளே இருப்பவைதாம் காரணம்: கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளும், அவற்றில் தங்கிய நீரும்.

இந்தக் கல்லின் பிறப்பைச் சொல்லும்போது எனக்குச் சலிப்பதே இல்லை. பூமிக்குள் கிடக்கும் செம்புத் தாது பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்தது. சால்கோபைரைட் அதில் முக்கியமானது, பக்கத்திலேயே பைரைட்டும் இருக்கும். நிலம் தேய்ந்து அவை மேற்பரப்பை நெருங்கும்போது மழைநீரும் காற்றும் எட்டிவிடுகின்றன. பைரைட் சிதைந்து கந்தக அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் செம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு பாறை வெடிப்புகள் வழியே இறங்குகிறது. அதே நீர் வழியிலுள்ள ஃபெல்ட்ஸ்பாரையும் அரித்து அதிலிருந்து சிலிகாவைச் சேர்த்துக்கொள்ளும். போகப்போகப் பாறையோடு வினைபுரிந்து அமிலத்தின் வீரியம் குறையும். அப்போது செம்பும் சிலிகாவும் நீரும் கூடிக் குழைவான களியாக வெடிப்புச் சுவர்களில் படிகின்றன. கிரைசோகொல்லாவில் கண்ணால் காணும்படியான படிகம் அநேகமாக இல்லாததும், அது பூச்சாகவும் கொப்புளம் கொப்புளமாகவும் படிந்திருப்பதும் இதனால்தான். ஏரி வற்றியதும் கரைக் களிமண் வெடிப்பதுபோல், நீர் வற்ற வற்ற இதிலும் விரிசல் விழும். சுரங்கத்திலிருந்து வந்த நல்ல துண்டுகள் சில, அலமாரியிலேயே பிளந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

நீலம் செம்பு அயனியின் கொடை. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த செம்பைச் சுற்றி ஆக்சிஜன்கள் சமச்சீரில்லாமல் அமைகின்றன; அந்த அமைப்பு ஒளியின் சிவப்புப் பகுதியை விழுங்கிக்கொள்ள, மீதி நம் கண்ணுக்கு வருகிறது.

கடினத்தன்மைக்கு வந்தால்தான் வகுப்பில் சச்சரவு தொடங்கும். மோஸ் அளவில் 2.5-லிருந்து 3.5 வரை என்கிறது பாடநூல்; கத்திமுனை சாதாரணமாகக் கீறிவிடும். ஆனால் ஒரு துண்டு கண்ணாடியையே கீறிவிட்டது என்று யாராவது எழுந்து நிற்பார்கள். அவர் சொல்வதும் சரிதான். களி இறுகிய பிறகும் சிலிகா கலந்த நீர் தொடர்ந்து ஊறினால் துளைகளெல்லாம் கால்சிடனி என்னும் கெட்டியான சிலிகாவால் நிறையும். அப்போது கடினத்தன்மை 7-ஐத் தொடும், விளிம்பில் ஒளி ஊடுருவும், நகைக்கல்லாகவும் ஆகிவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில் குளோப், மியாமி ஊர்களைச் சுற்றியுள்ள சுரங்கங்கள் இப்படிப்பட்ட கல்லுக்குப் பெயர்பெற்றவை. நீர் ஓட்டம் முன்னதாக நின்றிருந்தால் அதுவும் நகத்தைவிடச் சற்றே கடினமான, எளிதில் நொறுங்கும் பொருளாகவே இருந்திருக்கும்.

நீரால் பிறந்த இந்தக் கல் மிகுதியாகக் கிடைப்பது பாலைநிலங்களில். அரிசோனா, இஸ்ரேலின் தீம்னா பள்ளத்தாக்கு, சிலியின் அடகாமா என எல்லாமே மழைக்கு ஏங்கும் மண். மழை கொட்டும் நாட்டில் கரைந்த செம்பு ஆற்றோடு போய்விடும். அளவாக வந்து, பிறகு வராமலே போன நீர்தான் இதைக் காப்பாற்றி வைக்கிறது. அடகாமாவின் சுக்கிகமாட்டா சுரங்கத்துக்குத் தெற்கே கிடைக்கும் தாது இதற்கு நல்ல சான்று. மூலத் தாதுவிலிருந்து செம்பை அள்ளிக்கொண்ட நிலத்தடி நீர், சில கிலோமீட்டர் தள்ளிச் சரளைக் கற்களுக்கிடையே அதைக் கிரைசோகொல்லாவாகவும் வேறு கனிமங்களாகவும் இறக்கிவைத்தது. அதன்பின் அந்த நிலம் கடும் வறட்சிக்குள் போனது. அரிப்பு ஏறக்குறைய நின்றது. படிந்தது படிந்தபடியே இருக்கிறது.

இதிலிருந்து செம்பை எடுக்கும் முறையும் எனக்குப் பிடித்தமானது. கந்தகத் தாதுவைப்போல இதை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிப்பது கடினம். அதனால் உடைத்துக் குவித்து, மேலே நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டவிடுகிறார்கள். எந்த அமிலம் தணிந்து இது பிறந்ததோ, அதே அமிலம் செம்பை மீண்டும் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. சிலிகா குவியலிலேயே தங்கிவிடும். கரைசலிலிருந்து கரிமக் கரைப்பானால் செம்பைப் பிரித்து, மின்சாரத்தால் தகடாகப் படியவைக்கும் முறை வணிக அளவில் முதன்முதலாக 1968-இல் மியாமிக்கு அருகே புளூபேர்ட் சுரங்கத்தில் நடைமுறைக்கு வந்தது. இன்று உலகச் செம்பில் கணிசமான பங்கு இவ்வழியில்தான் வருகிறது.

இத்தனைக்குப் பிறகும் கிரைசோகொல்லா ஒரே கனிமமா என்ற வழக்கு முடிந்தபாடில்லை. செம்பு ஹைட்ராக்சைடும் படிகமற்ற சிலிகாவும் நீரும் நுண்ணிய அளவில் கலந்த கலவையே இது என்று எக்ஸ் கதிர் ஆய்வு செய்த சிலர் 2000-களில் வாதிட்டார்கள். நிறமாலை ஆய்வு செய்த வேறு சிலர் பின்னர் அதை மறுத்தார்கள். எங்கள் ஆய்வகப் பெட்டியில் பெயர்ச்சீட்டை நான் மாற்றவில்லை. ஆனால் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும்போது கடைசியில் வரும் நீரின் அளவை எண்ணாக எழுதாமல் n என்றே விட்டு, அதை மாணவர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். துண்டுக்குத் துண்டு அந்த n வேறாக இருக்கும். ஒரே துண்டுக்கும் சுரங்கத்தில் இருந்ததைவிட எங்கள் அலமாரியில் குறைவாக இருக்கும்.