சிரட்டை அகப்பை

சென்ற ஆண்டு கொழும்பிலே ஒரு பெருங்கடையினுள் நுழைந்த நாம், கண்ணாடிப் பேழையொன்றில் சிரட்டை அகப்பை வீற்றிருக்கக் கண்டு வியந்து நின்றோம். 'இயற்கைப் பொருள்' எனும் சீட்டும் அதிற் கட்டப்பட்டிருந்தது. விலையைக் கண்டதும் நகைப்புத் தோன்றியது. அடுத்த கணமே நாணம் தோன்றியது. அந்நாணத்தின் காரணத்தை நம் கல்லூரி மலரிலே கூறுதல் பொருத்தமாகும்.

நாம் மாத்தளைத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, கல்லூரிக்கு நாடோறும் நடந்து வந்து பயின்றவர்கள். நம் அடுப்படியில் மண்சட்டியும் பானையும், அம்மியும் உரலும், சுளகும் பிரம்பு இடியப்பத் தட்டுக்களும் இருந்தன. தந்தையார் சிரட்டையைச் சுரண்டி மெருகேற்றி, மூங்கிற் காம்பு செருகி அகப்பை செய்வார். நமது மதியவுணவு வாட்டிய வாழையிலையில் வரும். சக மாணவர் சிலர் பளபளக்கும் பெட்டிகளைத் திறக்கையில், நாம் மரத்தடி சென்று இலைப்பொதியை மறைவாக அவிழ்ப்போம். ஏழ்மையின் அடையாளமென்றே அதனை எண்ணினோம்.

பின்னர் உத்தியோகம் கிடைத்தது. முதற் சம்பளத்தில் பிளாஸ்டிக் குடமும் வாளியும் தட்டுக்களும் வாங்கி அன்னையாரிடம் கொடுத்தோம். அவர் மறுமொழி கூறாது, பழைய பானையை எடுத்து வீட்டின் பின்புறத்தே வைத்தார். அப்பானை நுண்துளைகளினூடே நீரைக் கசியவிட்டு, அக்கசிவு ஆவியாவதனாலே உள்ளிருக்கும் நீரைக் குளிர்வித்து வந்தது. விஞ்ஞான வகுப்பில் இதனைப் படித்துப் பரீட்சையில் எழுதியும் இருந்தோம். ஆயினும் உடையாத குடமே உயர்ந்ததெனக் கொண்டோம். அது அழியவும் மாட்டாது என்பது வெகுகாலத்தின் பின்னரே நமக்கு உறைத்தது.

மாத்தளையில் நாம் எறிவது மாத்தளையிலேயே தங்குவதில்லை. நம் பட்டினத்தைத் தழுவியோடும் சுது கங்கை அம்பன் கங்கையாகி, மகாவலியோடு கலந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலே கடலை அடைகின்றது. முத்துமாரியம்மன் திருவீதியில் நாம் கைவிட்ட பொலித்தீன் பை, மழைநீரோடு சென்று கோணேசர் கோயில் கொண்ட கடலிற் சேர்தல் கூடும். இதனை நினைக்குந்தோறும் உள்ளம் கூசுகின்றது.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2017 ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டு தினத்தன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிலே குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில், சோறு பொதியும் பொலித்தீன் தாள் முதலியன தடைசெய்யப்பட்டன. 2023 அக்டோபரில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும், பிளாஸ்டிக் பூமாலையுங்கூடத் தடைப்பட்டியலிற் சேர்ந்தன. ஆனால் தடையுத்தரவு பிளாஸ்டிக் தட்டை விலக்கலாமேயன்றிப் பிரம்புத் தட்டைப் பின்னித் தரமாட்டாது. அதற்குப் பழகிய விரல்கள் வேண்டும். அவ்விரல்களுக்குக் கூலி கொடுப்போரும் வேண்டும்.

நம் மாவட்டத்து ஹப்புவிடக் கிராமமே இதற்குச் சான்று. அங்குள்ள சிங்களக் கைவினைஞர் அரக்கைத் தணலில் இளக்கி, நூலாக இழுத்து, மரத்தின்மீது படியவைத்துப் பெருவிரல் நகத்தாலே கிள்ளிச் சித்திரம் அமைப்பர். தமிழ்க் குலத்துதித்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட தமது பெருநூலிலே கண்டிய நாட்டுக் கைவினைகளை ஆராய்கையில் அரக்கு வேலையையும் விரித்துரைத்தார். மலிவான இறக்குமதிப் பொருள் கிராமத்துக் கைவினைஞனை அழித்துவிடும் என்பது அவர்தம் கவலை. அவ்வேலைப்பாட்டைப் புகழாதார் இலர், வாங்குவாரே சிலர். புகழுரை அடுப்பிலே உலையேற்றாது.

பழையன யாவும் நன்றென நாம் வாதிடவில்லை. விறகடுப்பின் புகையால் அன்னையாரின் கண்கள் கலங்கியதை நாம் மறக்கவில்லை. அப்புகை மீண்டும் எவர் வீட்டிலும் சூழ வேண்டியதில்லை. ஆனால் தள்ளவேண்டிய புகையோடு, கொள்ளவேண்டிய பானையையும் இலையையும் சேர்த்துத் தள்ளியதே நாம் செய்த பிழை.

ஆதலின் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். இவ்விழாவின் விருந்து வாழையிலையில் நடைபெறுக. குடிநீர் மண்பானையில் வைக்கப்படுக. விருந்தினர்க்கு அளிக்கும் நினைவுப்பொருள் ஹப்புவிடச் சிமிழாக இருக்கட்டும். குயவரிடமும் பிரம்பு முடைவோரிடமும் பேரம் பேசாது வாங்குவோம். வாழையிலையில் உணவு கொணரும் மாணவன் இன்றும் நம் கல்லூரியில் இருப்பானாயின், அவன் மரத்தடி தேடி ஒதுங்காதிருக்க ஆசிரியர்கள் அருள்கூர்வாராக.

கொழும்புக் கடையிலே நாம் அவ்வகப்பையை வாங்கவில்லை. தந்தையார் செய்தது நம் வீட்டுப் பரணிலே கிடந்தது. எடுத்துக் கழுவி, சிறிது தேங்காயெண்ணெய் தடவினோம். காம்பு சற்றே தளர்ந்திருந்தது. மூங்கிற் சிம்பொன்று செருகினோம். இப்பொழுது அது நம் அடுப்படியில் நாடோறும் சோறு பரிமாறி வருகின்றது.