சுவரில் தேங்கிய பனி

நம் இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு நீலகிரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். ‘வீட்டை ஒட்டிப் பத்து சென்ட் தோட்டம். இரண்டு வருடமாக மார்கழி பிறந்தால் அவரை கருகிப்போகிறது. அதற்கு முன் இப்படி இல்லை. என்ன மருந்து அடிக்கலாம்?’

பனிக்கு மருந்து கிடையாது என்று ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால், ‘அதற்கு முன் இப்படி இல்லை’ என்ற வார்த்தை உறுத்தியது. போன் செய்தேன். “பனி விழறதுக்கு முன்னாடியே வாங்கண்ணா. விழுந்த பிறகு வந்து என்ன பார்க்கப் போறீங்க?” என்றார். நியாயம்தான்.

ஐப்பசி கடைசியில், இரண்டு நாள் மழை விட்டிருந்த நேரம் கிளம்பினேன். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. குன்னூர் தாண்டியதும் ஜன்னலை மூடினேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் இறங்கியபோது ஸ்வெட்டரைத் தேடினேன்.

அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் தாவரவியல் பூங்காவை எட்டிப் பார்த்தேன். 1848-ல் தொடங்கிய தோட்டம் அது. அங்கே பனிக்காலத்துக்கென்று ஒரு பழைய வழக்கம் உண்டு. ‘கோத்தகிரி மிலார்’ என்ற செடியின் கிளைகளை வெட்டி வந்து, அழகுச் செடிகளின் மேல் கவிழ்த்து மூடுவார்கள். புல்வெளியில் விழும் உறைபனியை, வெயில் ஏறுவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துக் கரைப்பார்கள். வெள்ளையாக உறைந்த இலை மேல் சுள்ளென்று வெயில் பட்டால்தான் சேதம் அதிகம். இத்தனை வருடம் பழகிய கைகளின் வேலையை ஊட்டிக்குப் போகிறவர்கள் பூவோடு சேர்த்துப் பார்த்துவிட்டு வரலாம்.

எமரால்டு போகும் பஸ்ஸில் ஏறி, வழியில் ஒரு ஹட்டியில் இறங்கினேன் (ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்). வரிசை வீடுகள். வீட்டுக்குக் கீழே மூன்று அடுக்காக இறங்கும் தோட்டம். மேல் அடுக்கில் பூண்டும் கேரட்டும். நடுவில் முட்டைக்கோஸ், ஓரத்தில் ஒரு பேரி மரம். கீழ் அடுக்கில் பந்தலேறிய அவரை. அதற்குப் பின்னால், புதுசாகப் பளிச்சென்று ஐந்தடி உயர ஹாலோபிளாக் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடை.

அந்த அவரை கடையில் வாங்கிய விதை இல்லை. சகோதரியின் மாமியார், கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து முடிந்து கொண்டுவந்தது. அன்றிலிருந்து வருடா வருடம் விதை எடுத்துப் போட்டு வந்திருக்கிறார்கள். இரண்டு பனியில் கருகியதில் டப்பாவில் மிஞ்சியது ஒரு கைப்பிடி. அதில் பாதியை இந்தப் பந்தலில் போட்டிருந்தார்கள். “இதுவும் போச்சுன்னா இந்த வீட்டோட அவ்வளவுதான்” என்றார் பாட்டி. வேறு விதை வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னதற்கு அவர் பதிலே சொல்லவில்லையாம்.

சுற்றிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது நம் தவறு. ஆமாம், நம் தவறுதான். அவரைப் பந்தலின் அடியில் அரையடி உயரத்துக்குக் காய்ந்த புல் பரப்பியிருந்தது. “நீங்கதானே மூடாக்கு போடச் சொல்லி எழுதியிருந்தீங்க?” என்றார் சகோதரி. சமவெளிக்கு அது சரி. உறைபனி விழும் இடத்தில், இலை உள்ள மென்மையான பயிருக்கு அது எதிராகிவிடும். பகலில் மண் வாங்கி வைக்கும் சூடுதான் இரவில் மெதுவாக மேலே வந்து இலையைக் காக்கிறது. நடுவில் உலர்ந்த புல் மெத்தை இருந்தால் சூடு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. ஈரமான, களை இல்லாத, கிளறாமல் அமுங்கிக் கிடக்கும் வெறும் மண்தான் பனி இரவில் கதகதப்பு. அதனால் புல்லை அள்ளி, கொடி காய்ந்துகொண்டிருந்த மேரக்காயின் அடித்தூரில் குவித்தோம். அதற்கு மேலே கருகினாலும் பரவாயில்லை. கிழங்கு பிழைத்தால் மறுபடி துளிர்த்துவிடும்.

சாயங்காலம்தான் அசல் விஷயம் தெரிந்தது. போன வருடம் செடிகள் எப்படிக் கருகின என்று கேட்டேன். பாட்டி எழுந்து சுவர் அருகே போய்க் கையை வைத்துக் காட்டினார். “இது வரைக்கும் கறுப்பு. இதுக்கு மேல பந்தல்ல பச்சை.” கை நின்றது ஏறக்குறைய சுவரின் உயரத்தில். சுவர் எப்போது கட்டியது? இரண்டு வருடத்துக்கு முன்னால். காட்டுப்பன்றியும் காட்டெருமையும் தோட்டத்தை மிதித்துத் தள்ளியதால், நகையை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

காற்று அடங்கி வானம் தெளிவாக இருந்தது. மேல் அடுக்கில் கொஞ்சம் சருகைக் கூட்டி, மேலே ஈரத் தழை போட்டுப் புகைய விட்டோம். புகை மேலே போகவில்லை. கொஞ்ச உயரம் எழும்பி, அப்படியே சரிந்து, தண்ணீர் மாதிரி அடுக்கடுக்காக இறங்கியது. கடைசியில் சுவரில் முட்டி நின்றது. கீழ் அடுக்கு முழுக்கப் புகைக் குளம். அதற்குள் அவரைப் பந்தல்.

குளிர்ந்த காற்று கனமானது, பள்ளம் நோக்கி ஓடும். முன்பு அது வேலி இடுக்கு வழியாக ஓடைக்கு இறங்கிப் போயிருக்கிறது. இப்போது சுவர் அணையாகிவிட்டது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தேங்கிய குளிரில் இலை சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிரும். தலை உயரத்தில் தொங்கும் வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதே தரையோரம் வெள்ளை பூத்துவிடுவது இதனால்தான்.

“அப்ப சுவரை இடிக்கச் சொல்றீங்களா?” என்றார் அந்த வீட்டு அண்ணன். குரலில் கோபம் இருந்தது. கடன் இன்னும் முடியவில்லை. சுவரை இடித்தால் பன்றி வரும், இடிக்காவிட்டால் பனி நிற்கும். ராத்திரி சாப்பாட்டில் அவரைக் குழம்பு இருந்தது. யாரும் அதிகம் பேசவில்லை.

காலையில் அவரே ஒரு கடப்பாரையோடு வந்தார். சுவரின் அடியில், புகை அதிகம் தேங்கிய நான்கு இடங்களில், கீழ் இரண்டு வரிசைக் கற்களை மட்டும் எடுத்துவிட்டுக் கெட்டியான இரும்பு வலை பொருத்துவது என்று முடிவானது. காற்று போகும், பன்றி வராது. கற்களை எடுக்கும் முன் மேல் வரிசைக்கு முட்டுக் கொடுத்து, ஓட்டைக்கு மேல் ஒரு கான்கிரீட் பட்டை வைக்கவும் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். விறகு அடுக்கையும் இடம் மாற்றினோம். வீட்டுச் சுவரோரம் இருந்ததைத் தோட்டத்தின் மேல் ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்வாக அடுக்கினால், மேலிருந்து வரும் குளிர் பக்கத்துச் சந்தில் திரும்பிப் போகும்.

மற்றதெல்லாம் சின்ன வேலைகள். ஐப்பசிக்கு மேல் யூரியா வேண்டாம், கவாத்தும் வேண்டாம். இரண்டும் இளந்துளிரைக் கிளப்பும், அதுதான் முதலில் கருகும். பேரியை இலை உதிர்ந்து உறங்கும்போது வெட்டிக்கொள்ளலாம். பூண்டு, கேரட், முட்டைக்கோஸ் இந்தக் குளிரைத் தாங்கும். கேரட் இனிப்புக்கூட ஏறும். தெளிந்த வானம் தெரிந்தால் அன்று மதியத்துக்குள் கீழ் அடுக்குக்குத் தண்ணீர் கட்டவேண்டும், இலையில் ஈரம் நிற்காமல். பந்தலை மூட பழைய சாக்குகளைத் தைத்து வைத்தார்கள். மூடும்போது குடை மாதிரி மேலே மட்டும் போடக் கூடாது. தரை வரை தொங்கவேண்டும், மண்ணின் சூடுதான் உள்ளே நிற்கவேண்டியது. பொழுது சாய்வதற்கு முன் மூடி, வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஜெரேனியம் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தச் சொன்னேன். ரப்பர் குழாயில் தண்ணீர் நிற்காமல் வடித்துச் சுருட்டவும் சொன்னேன். இல்லாவிட்டால் விடியற்காலை அதற்குள் பனிக்கட்டிதான்.

கிளம்பும்போது மீதியிருந்த பாதிக் கைப்பிடியிலிருந்து ஐந்து விதைகளைப் பாட்டி என் சட்டைப் பையில் போட்டார். “உங்க ஊர்ல வருமான்னு பாருங்க. அங்க பனி இல்லையே.” சமவெளிச் சூட்டில் அது வருமா என்று எனக்குச் சந்தேகம்தான். வாங்கிக்கொண்டேன்.

தை பிறந்து ஒரு வாரம் கழித்துப் போன் செய்தேன். ஏழெட்டு நாள் நல்ல வெள்ளைப் பனியாம். கீழ் அடுக்கின் ஒரு மூலையில், வலை வைக்காத இடத்தில், இரண்டு கொடி போய்விட்டது. தொட்டிகளை நகர்த்த மறந்ததில் ஜெரேனியம் மொத்தமும் கருகிவிட்டது. ஒரு இரவு பன்றி வந்து வலையை முட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

“அவரை?” என்றேன்.

“அத்தை முத்தவிட்டிருக்காங்கண்ணா, யாரையும் பறிக்க விடறதில்ல. இப்ப டப்பாவைக் கழுவி வெயில்ல வெச்சிருக்காங்க.”