உச்சிக்குழி வழியே தெரியும் உண்மை



குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை முதன்முதலாகக் கோயிலுக்குத் தூக்கி வரும் தாயிடம் நம்மில் சிலர் என்ன கேட்கிறோம்? "கிரகணத்துல வெளிய போனியா?" "வயித்துப் புள்ளையோட ஏன் அப்படி ஓடியாடி வேலை செஞ்ச?" பிள்ளைக்கு மூளையில் ரத்தக்கசிவு என்று டாக்டர் சொல்லியிருந்தால் கேட்கவே வேண்டாம், தோஷம் என்று முடிவே கட்டிவிடுகிறோம்.

தோட்டத்தில் நம்ம பாட்டிமார்கள் வயிற்றுப் பிள்ளையோடு பால்மரம் வெட்டப் போனார்கள். குறைமாதப் பிள்ளை தங்காமல் போனால், ஏன் என்று பார்க்க அன்று லயத்தில் கருவி கிடையாது. பழி தாயின் தலையில் விழுந்தது.

இன்று பார்க்க முடிகிறது. நாம் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி இருக்கிறதே, அங்கே எலும்பு இன்னும் மூடவில்லை. அதன்மேல் ஸ்கேன் கருவியை வைத்தால் மூளை தெரியும். எக்ஸ்ரே கதிர் இல்லை, ஊசி இல்லை. பிள்ளையை இன்குபேட்டரை விட்டு எடுக்கவும் வேண்டாம்.

ஆறாம் மாதத்தில் பிள்ளையின் மூளை பெரும்பாலும் வழவழப்பாகத்தான் இருக்கும். மடிப்புகள் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில் விழுகின்றன. மூளைக்குள்ளே புதிய செல்கள் உருவாகும் இடத்தில் ரத்தக்குழாய்கள் நூல்போல மெலிசு. 32 வாரத்துக்கு முன் பிறந்தால் அவை தாங்காமல் கசியலாம், பெரும்பாலும் முதல் மூன்று நாளிலேயே. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நம்ம சென்னையிலும் பெரிய வேலை நடந்திருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 'தரணி' என்ற பட்டகத்தை வெளியிட்டது. 14 முதல் 24 வாரம் வரையிலான கருவின் மூளையை 5,132 மெல்லிய சீவல்களாகப் படம் எடுத்து, யாரும் இலவசமாகப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். மூளை எந்த வாரத்தில் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அதில் காணலாம்.

சிறிய கசிவு உள்ள பல பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள். பெரிய கசிவு என்றால் தொடர்ந்து பார்க்க வேண்டும். எதுவானாலும் டாக்டர் கொடுத்த தேதியைத் தவற விடாதீங்க. பிள்ளை கழுத்து நிற்பது, உட்காருவது, பார்ப்பது எல்லாம் அங்கேதான் கவனிப்பாங்க. குறை இருந்தால் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது.

அர்ச்சனை செய்யுங்க, நேர்த்திக்கடன் வையுங்க. நாங்களும் சேர்ந்து வேண்டிக்கொள்கிறோம். சுங்கை சிப்புட், செம்மோர் பக்கமிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போக வண்டி இல்லை என்றால் ஆலயத்தில் சொல்லுங்க, தொண்டர்கள் நாங்கள் கொண்டுபோய் விடுகிறோம்.

அந்தத் தாயைப் பார்த்தால் கேள்வி கேட்காதீங்க. பிள்ளைக்குத் திருநீறு பூசி, "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்க. அது போதும்.

முருகன் துணை.