நகம் பதிகிற ரப்பர்

என் அப்பா ரப்பரை மூன்று விதமாகப் பார்ப்பார். முதலில் கட்டைவிரல் நகத்தை அழுத்துவார். பிறகு மூக்கருகே கொண்டுபோவார். கடைசியில் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள்ளே வெள்ளைப் புள்ளி நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால் இன்னும் காயவில்லை, திரும்பப் புகைப்புரைக்குப் போக வேண்டியதுதான். அருமனைப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர். விடியும் முன் பால் வெட்டி, சிரட்டையில் வடிந்ததை எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, ஷீட் அடித்து விற்ற காசில்தான் எங்களைப் படிக்கவைத்தார். நான் படித்தது ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் வேலை. களியக்காவிளையில் வண்டி வயரிங் செய்ய வந்து 24 வருஷம் ஆகிறது. பழைய பென்ஸ், அக்கார்டு, சூப்பர்ப் என்று பெரிய வண்டிகளை மலிவு விலைக்கு வாங்கிச் சரிசெய்து ஓட்டுகிற பழக்கம் 14 வருஷமாக உண்டு. அந்த வேலையின் முதல் பாடத்தை எனக்குக் கற்றுத்தந்தது அப்பாவின் அந்தக் கட்டைவிரல்.

2012 ஆடி மாதம். திருவனந்தபுரம் கவடியாரில் ஒரு பழைய வீட்டு ஷெட்டில் இ 220 ஒன்று நின்றது. டபிள்யூ 124 என்று சொல்லப்படுகிற உருவம், 1996 மாடல். பென்ஸ் கம்பெனி 1995இல் புனேயில் கார் பூட்டத் தொடங்கியபோது முதலில் இறக்கிய வண்டி அதுதான். அப்போது இருபது லட்சத்துக்கு மேல் விலை. வீட்டுக்காரர் காலமாகி மூன்று வருஷம், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். அந்த அம்மா விலை பேசவே இல்லை. "மோனே, நீ இதை வெட்டி விக்குமோ, ஓட்டுமோ?" என்று மட்டும் கேட்டார். ஓட்டுவேன் என்றேன். 1,85,000 ரூபாய்க்கு வண்டி என் கைக்கு வந்தது.

பாறசாலை தாண்டி வீடு வருவதற்குள் எனக்கு மனசு விட்டுப்போனது. ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. கியரில் போட்டால் உடம்பு முழுக்க ஒரு அதிர்வு. குழியில் இறங்கினால் பின்பக்கம் யாரோ மரக்கட்டையால் தட்டுவதுபோலச் சத்தம். இருபது லட்சம் ரூபாய் வண்டி, எங்கள் ஊர் ஜீப்பைவிட மோசமாகப் போனது. எஞ்சினைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பிளக், காயில், பெட்ரோல் பம்பு எல்லாம் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. ஒருநாள் எஞ்சின் மவுண்டைக் கழற்றித் தரையில் வைத்திருந்தபோது அப்பா வந்தார். குனிந்து எடுத்து, நகத்தை அழுத்தினார். பதியவில்லை. முகர்ந்தார்.

"எஞ்சின் நல்லதாக்கும் மக்கா. அதுக்க அடியில இருக்கிய ரப்பரு செத்துப்போச்சு."

அன்றிலிருந்து நான் பெரிய வண்டியைப் பார்க்கிற கண் மாறிவிட்டது. தோல் சீட்டும் மரப் பலகையும் எந்த வண்டிக்கும் போடலாம். ஒரு சொகுசு வண்டியை மற்ற வண்டியிலிருந்து பிரிப்பது, ரோட்டுக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் நடுவே அவர்கள் வைத்திருக்கிற ரப்பர். இந்த 124இல் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து கைகள் பிடித்திருக்கின்றன. சக்கரத்தை இத்தனை கைகளால் பிடிக்கிற இந்த முறையை அவர்கள் 1982இல் 190 என்ற சின்ன வண்டியில் முதலில் வைத்தார்கள். அந்தக் கைகளின் முனைகளில் ரப்பர் புஷ். கைகள் எல்லாம் மாட்டியிருக்கும் இரும்புச் சட்டம் உடம்பில் நேராக முடுக்கப்படுவதில்லை, நான்கு பெரிய ரப்பர் மவுண்டுகளில் உட்காருகிறது. எஞ்சின் மவுண்டுக்குள் எண்ணெய் நிறைந்த ரப்பர். புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ளங்கை அகல ரப்பர் வட்டு. சைலன்சரைத் தாங்குவது ரப்பர் வளையம். கதவைச் சுற்றி, கண்ணாடியைச் சுற்றி, டிக்கியைச் சுற்றி பீடிங். 16 வருஷத்தில் இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பிஸ்டன் கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது. இந்த ரப்பர் எல்லாம் கல்லாகிவிட்டது. ஓட்டுகிறவருக்கோ 'வண்டி கிழடாயிப் போச்சு' என்று தோன்றுகிறது, விலை விழுகிறது. நமக்கு மலிவாகக் கிடைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எங்கள் மரத்துப் பாலுக்கும் அந்த மவுண்டுக்கும் உறவு உண்டு என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். இயற்கை ரப்பரைப்போல லட்சம் தடவை அமுங்கி அமுங்கித் திரும்ப விரிகிற பொருள் எளிதில் கிடைக்காது என்பதால், எஞ்சின் மவுண்டிலும் புஷ்ஷிலும் இன்றும் அதற்கு இடம் இருக்கிறது. கதவு பீடிங்குக்கு மட்டும் வெயிலைத் தாங்குகிற செயற்கை வகை. பாலோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும். பிறகு எஞ்சின் சூடும் காற்றும் வருஷக்கணக்கில் அதே வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டே இருக்கும், கல்லாகிறவரை. ஓடாமல் நின்றாலும் இது நிற்பதில்லை. 'வெறும் 38,000 கிலோமீட்டர், டாக்டர் ஓட்டின வண்டி' என்று சொன்னால் ஆசைப்பட்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷெட்டில் பத்து வருஷம் நின்ற வண்டியின் டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், ஆயில் சீல் உலர்ந்திருக்கும், பெட்ரோல் ஹோஸ் வெடித்திருக்கும். தினமும் ஓடி ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் கண்ட வண்டியை நான் அதற்கு முன்னால் வைப்பேன். இப்போது பங்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், 90களின் வண்டி வாங்கினால் முதல் வாரமே எல்லா பெட்ரோல் ஹோஸையும் மாற்றிவிடுகிறேன். தீப்பிடித்தபிறகு யோசிக்க ஒன்றும் இருக்காது.

இந்த ஊர் இப்படிப்பட்ட வண்டிக்கு வாய்ப்பான இடம். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் வளைகுடாப் பணம். புது மாடல் வந்ததும் பழையதைக் கழித்துவிடும் வீடுகள் கொல்லத்திலிருந்து கொச்சி வரை உண்டு. பழையதை விடாத வீடுகளும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான். திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1955 மாடல் பென்ஸ் 180 ஒன்றை, 'சிஏஎன் 42' என்ற அதே நம்பரோடு, 2013இல் காலமாகும்வரை கூடவே வைத்திருந்தார். ஒரு வண்டியை ஒரு மனுஷ ஆயுசு முழுக்கக் காப்பாற்றலாம் என்பதற்கு எங்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேவைப்பட்டதில்லை.

வாங்குமுன் பார்க்கிற விதத்தைச் சொல்கிறேன். எஞ்சின் நன்றாகச் சூடானபிறகு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு டி-யிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றிப் போடுவேன். மவுண்ட் செத்திருந்தால் ஸ்டீயரிங்கே சொல்லிவிடும். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுப்பேன்; இழுவை இருக்க வேண்டும், சும்மா வந்தால் அந்த இடத்தில் பீடிங் அமுங்கிப்போயிற்று என்று அர்த்தம். கதவைச் சுற்றி ஏழெட்டு இடத்தில் இதைச் செய்யவேண்டும். எங்களுக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஒரு இடத்தில் கசிந்தாலும் தரைவிரிப்புக்கு அடியில் தண்ணீர் தேங்கி, தேங்காப்பட்டணத்துக் கடல் காற்றின் உப்போடு சேர்ந்து தகட்டைத் தின்றுவிடும். அதன்பிறகு காரோடு என்ற இடத்தில் பைபாஸ் ஏறி முக்கோலா வரை ஒரு ஓட்டம். அது 16 கிலோமீட்டர் கான்கிரீட் ரோடு. தார் ரோட்டில் மறைந்துகிடக்கிற இரைச்சல் எல்லாம் அங்கே வெளியே வரும். ஏசியையும் ரேடியோவையும் அணைத்துவிட்டு 80இல் போகும்போது சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு முனகல் வந்தால் பின்சட்ட மவுண்ட், வேகம் எடுக்கும்போது மட்டும் தடதடத்தால் ஷாஃப்ட் வட்டு. திரும்பி வரும்போது களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே, விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பாறை ஏற்றும் டாரஸ் லாரிகள் பறித்துப்போட்ட குழிகள் மிச்சத்தைச் சொல்லிவிடும்.

ஒரு தடவை இதையெல்லாம் செய்தும் ஏமாந்தேன். 2019இல் ஒரு வியாபாரியிடம் அக்கார்டு ஒன்று வாங்கினேன், 2,10,000 ரூபாய். ரோட்டில் அருமையாகப் போனது, ரப்பரும் நல்லது. மூன்றாம் வாரம் ஏர்பேக் விளக்கு எரிந்தது. சீட்டைக் கழற்றி கனெக்டரைப் பிரித்தால் பின்கள் பச்சைப்பாசி பிடித்தாற்போல இருந்தன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். சாதாரணமாக யாரும் இழுக்காத அந்தக் கடைசிச் சாணில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோலச் செம்மண் கறை. 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் மூழ்கி, இன்சூரன்ஸ்காரர்கள் கழித்த வண்டி. வயரிங்காரனான நான் அந்த பெல்ட்டை முன்பே இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதை இன்னொருவர் தலையில் கட்ட மனசு வரவில்லை, பிரித்துப் பாகங்களாக விற்றேன். இப்போது எந்த வண்டியிலும் முதலில் நான்கு பெல்ட்டையும் முழுக்க இழுக்கிறேன், பிறகு ஸ்டெப்னி குழியில் விரலை விட்டுத் தடவுகிறேன், அதற்கப்புறம்தான் பானட்டைத் திறக்கிறேன்.

வயர் என்று வரும்போது கொஞ்சம் நின்று பேசவேண்டும். 90களின் முற்பாதியில் வந்த பென்ஸ் எஞ்சின்கள் பலவற்றில், மண்ணில் மக்கிப்போகும் காப்புறை போட்ட வயரைப் பயன்படுத்தினார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அது எஞ்சின் சூட்டிலேயே மக்கத் தொடங்கிவிட்டது. எனக்குக் கிடைத்த இ 220இலும் அதே கதை: மேலுறையை பிளேடால் கீறிப் பிரித்தபோது உள்ளே ஒவ்வொரு வயரின் தோலும் காய்ந்த பலாக்கொட்டைத் தொலிபோலப் பொடியாக உதிர்ந்தது, செம்பு அம்மணமாக ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தது. அப்படியே விட்டால் கம்ப்யூட்டர் பெட்டி போய்விடும். புது வயர்க்கட்டுக்குக் கேட்ட விலையைக் கொடுக்க எனக்கு வழியில்லை. பழைய கட்டை ஒரு பலகையில் ஆணி அடித்துப் பரப்பி, நீளமும் நிறமும் ஒவ்வொன்றாக எழுதி, சூடு தாங்கும் சிலிக்கான் வயரில் புதிதாகக் கட்டினேன். பழைய பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது வயரில் மாட்டினேன். பகல் வேலை முடிந்தபிறகு ராத்திரியில் மட்டும் உட்கார்ந்ததால் 19 நாள் ஆயிற்று. இந்த வண்டியின் பானட் நெட்டுக்குத்தாக, 90 டிகிரியில் நிற்கும். வேலை செய்கிறவனை நினைத்து யாரோ அப்படி வடிவமைத்திருக்கிறார். அந்த 19 நாளும் அந்த முகம் தெரியாத மனுஷரோடு பேசிக்கொண்டிருந்ததுபோல இருந்தது.

காகித வேலையில் சோம்பல் கூடாது. கேரள வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நம்பர் மாற்றியே ஆகவேண்டும்: அங்கிருந்து என்.ஓ.சி., பெயர் மாற்றம், மார்த்தாண்டத்தில் வரி கட்டி டிஎன் 75 நம்பர். 15 வருஷம் ஆன காரின் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வண்டிக்கு அப்போது 40,000 ஆயிற்று. இதெல்லாம் வண்டி விலையில் சேர்த்தி. டெல்லியில் 10 வருஷ டீசலுக்குத் தடை வந்தபிறகு அங்கிருந்தும் பெரிய வண்டிகள் தெற்கே வருகின்றன, விலை கேட்டால் கண் விரியும். நான் வாங்குவதில்லை. கையால் தொட்டு, மூன்று மணிநேரம் உட்கார்ந்து பார்க்காத வண்டிக்கு நான் காசு கொடுக்கமாட்டேன்.

பணத்துக்கு என் கணக்கு எளிது. கையில் நான்கு லட்சம் இருந்தால் இரண்டு லட்சத்துக்கு வண்டி பார்க்க வேண்டும், மீதி இரண்டு லட்சம் ரப்பருக்கும் வயருக்கும். முழுப் பணத்தையும் வண்டிக்குப் போட்டுவிட்டு, புஷ் மாற்றக் காசில்லாமல் அதே தடதடப்போடு ஓட்டிச் சலித்து விற்றவர்கள் இந்த ரோட்டில் நிறையப் பேர். காற்று ஸ்பிரிங் வைத்த எஸ் கிளாஸைக் கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். அதன் ரப்பர்ப் பை வெடித்தால், ராத்திரி நிமிர்ந்து நின்ற வண்டி விடியும்போது முட்டிபோட்டுக் கிடக்கும். வாங்கின விலையில் பாதி அதற்கே போகும்.

என் வண்டிக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் கொஞ்சம், கோயம்புத்தூர் உக்கடத்தில் கொஞ்சம், மீதி கொரியரில் என்று சேர்த்து ரப்பர் மாற்றி முடிக்க 14 மாதம் ஆனது. கடைசியாகப் பின்சட்ட மவுண்ட் நான்கையும் மாட்டிய அன்று, விடிகாலை நான்கரைக்கு வண்டியை ரோட்டில் இறக்கினேன். மழை தூறியது. இந்த வண்டிக்கு ஒற்றை வைப்பர். நடுவில் ஊன்றிக்கொண்டு, மூலைக்குப் போகும்போது கை நீண்டு, மேலே வரும்போது சுருங்கி, மறுபடி நீளும். அந்த வைப்பரின் மோட்டார் முனகுவது கேட்டது. டயருக்கு அடியில் தண்ணீர் பிரிகிற சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, மறுபடியும் ஒருமுறை போனேன்.

அப்பாவுக்கு இப்போது 81. பால் வெட்டப் போவதில்லை. போன ஐப்பசியில் கண் காட்டுவதற்காக அதே வண்டியில் திருவனந்தபுரம் கூட்டிப்போனேன். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் கதவைச் சாத்தவில்லை. பீடிங்கின் ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டே வந்து, கீழ் மூலையில் நிறுத்தி, நகத்தை அழுத்தினார். அழுத்திய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச எழும்பல்ல மக்கா, பாத்துக்கிடு" என்றார்.

இடது பின்கதவு. போன மழையிலேயே எனக்கும் சந்தேகம் இருந்தது. புதுப்பேட்டைக்குச் சொல்லிவைத்தேன். அடுத்த திங்கள்கிழமை பார்சல் வந்தது.