ஆசாரியாரின் நான்கு அங்குலம்

 

மத்ரஸா மாணவர்களுக்கு அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயமான அது, அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரை எச்சரித்துத் தொடங்குகிறது. பாடம் நடத்தும்போதெல்லாம் கடைத் தராசையும் படிக்கல்லையுமே உதாரணமாகக் காட்டுவேன். அந்த எச்சரிக்கை என் வீட்டுச் சமையலறைக்குள் வந்து என்னையே சுட்டும் என்று நான் எண்ணியதில்லை.

சென்ற கோடையில், திருச்சியில் உள்ள எங்கள் பழைய வீட்டின் சமையலறையைச் சீரமைத்தோம். ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த முதிய ஆசாரியார் ஒருவர் மரவேலைக்கு வந்தார். அளவெடுக்கும் நாளன்று, புதிய குளிர்சாதனப் பெட்டிக்கு எவ்வளவு இடம் விடுவது என்று கேட்டார். பெட்டியின் அகலம் 600 மில்லிமீட்டர் என்று கடையில் குறித்து வந்திருந்தேன். “இரண்டடி விடுங்கள், போதும்” என்றேன்.

“காத்துக்கு இடம் வேணாமா பாய்?” என்று அவர் கேட்டார்.

“பக்கத்தில் மளிகை அலமாரி குறைந்துவிடும்; இரண்டடியே இருக்கட்டும்” என்று நான் முடித்துவிட்டேன். சமையலறையில் நாள் முழுதும் நிற்பவர் என் துணைவியார். அவரிடமும் நான் கலந்து பேசவில்லை.

இரண்டடி என்பது 609.6 மில்லிமீட்டர். பலகையின் இருபுறமும் ஒட்டிய மைக்கா தகடு ஏறக்குறைய 2 மில்லிமீட்டரை எடுத்துக்கொண்டது. ஆகப் பெட்டிக்கு இருபுறமும் மிஞ்சியது 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. மேலே பரண் பலகைக்கும் பெட்டிக்கும் இடையே ஓர் அங்குலம். பின்புறம் பலகை அடைத்திருந்தது. பெட்டியை உள்ளே தள்ளியபோது உறைக்குள் வாள் போல அழகாகப் பொருந்தியது. மாஷா அல்லாஹ் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரத்திற்குள் கத்திரி வெயில் தொடங்கியது. வெளியே 40 பாகை. பெட்டியின் கம்ப்ரஸர் இரவும் பகலும் ஓயாமல் ஓடியது. பால் திரிந்தது. “பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்க, தோசைக்கல் மாதிரி சுடுது” என்றார் துணைவியார். இடப்புறச் சுவரில் இடித்ததால் கதவும் முழுதாகத் திறக்கவில்லை. காய்கறித் தட்டை வெளியே இழுக்க முடியவில்லை.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. ஆனால் அதே பெட்டியில்தான் என் தாயாரின் இன்சுலின் மருந்து இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைத்திருக்க வேண்டும். பழுது பார்க்க வந்தவர் வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தபோது 13 பாகை காட்டியது. அன்றே புதிய மருந்து வாங்கி அண்டை வீட்டாரின் பெட்டியில் வைத்தோம். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக!

என் கோபம் முழுவதும் ஆசாரியார் மீது திரும்பியது. அவருக்குத் தரவேண்டிய கூலியில் 4,000 ரூபாய் பாக்கி இருந்தது. அவர் தொலைபேசியில் கேட்டபோது, “ஃபிரிட்ஜ் சரியாக ஓடட்டும், பிறகு பார்க்கலாம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை.

பழுது பார்க்க வந்தவர் பெட்டியைக் கூடத்திற்கு இழுத்து, சுவரை விட்டுத் தள்ளி நிறுத்தி ஓடவிட்டார். மறுநாள் ஃபஜ்ருத் தொழுகை முடிந்து வந்து பார்த்தேன். வெப்பமானி 4 பாகை காட்டியது. இயந்திரத்தில் குறையில்லை. குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. பழைய பெட்டிகளின் முதுகில் கறுப்புக் கம்பி வலை இருந்தது அதற்காகவே. இன்றைய பெட்டிகள் பலவற்றில் அந்தக் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருக்கின்றன. வெளிவந்த வெப்பத்தைக் காற்று சுமந்து செல்லாவிட்டால் அது பெட்டியைச் சுற்றியே தேங்கி நிற்கும். உறை பிரிக்காமல் கிடந்த கையேட்டை அப்போதுதான் திறந்தேன். பின்னும் பக்கங்களிலும் 5 சென்டிமீட்டர், மேலே 10 சென்டிமீட்டர் இடைவெளி விடச் சொல்லி முதல் பக்கங்களிலேயே படம் போட்டிருந்தது.

அன்று காலை வகுப்பில் தற்செயலாக அதே அத்தியாயம்தான் பாடம். தமக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து பெற்று, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றி மாணவன் ஒருவன் ஓதிக்கொண்டிருந்தான். எனக்கு வியர்த்தது. ஆசாரியாரிடம் வேலையை நிறைவாகப் பெற்றுக்கொண்டு கூலியைக் குறைத்தவன் நான். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிர்வழக்காடுவதாக அல்லாஹ் கூறுகிறான் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை ஸஹீஹுல் புகாரியிலிருந்து எத்தனை முறை எடுத்துச் சொல்லியிருப்பேன்!

லுஹர் தொழுதுவிட்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பேருந்து ஏறினேன். காவிரிப் பாலத்தைக் கடக்கையில், 1987இல் நிறைவு பெற்ற இராஜகோபுரம் தொலைவில் தெரிந்தது. ஆசாரியாரின் பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. இழைப்புளி கையில் இருக்க, மரச்சுருள்களுக்கு நடுவே நின்றிருந்தார். 4,000 ரூபாயை அவர் கையில் கொடுத்து, “தவறு உங்களுடையது அல்ல, ஐயா. நீங்கள் கேட்டீர்கள், நான் கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள்” என்றேன்.

அவர் பணத்தை எண்ணவில்லை. “மொதல்ல உங்கம்மா மருந்து எங்க இருக்கு, சொல்லுங்க பாய்” என்றார். பக்கத்து வீட்டில் பத்திரமாக இருப்பதைச் சொன்னதும், “அளவு யார் சொன்னா என்ன, அடிச்ச ஆணி என்னோடதுதானே. நாளைக்கு வர்றேன்” என்றார்.

சொன்னபடி வந்தார். மளிகை அலமாரியின் பக்கப் பலகையை 4 அங்குலம் நகர்த்தி, திறப்பை 2 அடி 4 அங்குலமாக்கினார். பின்பலகையைக் கழற்றினார். பரணின் அடிப்பலகையை உயர்த்தினார். பெட்டியின் பின்னால் அழுந்தியிருந்த பிளக்கை, கை எட்டும் இடத்துக்கு மாற்றச் சொல்லி மின்பணியாளரிடம் குறித்துக் காட்டினார். பெட்டியை வலப்புறம் சற்றுத் தள்ளி நிறுத்தியதும் கதவு நன்றாகத் திறந்தது. முன்கால்களைத் திருகிச் சிறிது உயர்த்தினார். கதவைப் பாதியில் விட்டாலும் தானே மூடிக்கொண்டது. இம்முறை வேலை முடிந்த அன்றே, அவர் கேட்டதைக் குறைக்காமல் கொடுத்தேன், அல்ஹம்துலில்லாஹ்.

வீடு கட்டுவோருக்கும் சீரமைப்போருக்கும் என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். பெட்டியை முடிவு செய்த பிறகே அலமாரி அடியுங்கள். பெட்டியின் அளவை மட்டும் பார்க்காமல், கையேடு கேட்கும் இடைவெளியையும் சேர்த்துக் கூட்டுங்கள். அது மாதிரிக்கு மாதிரி மாறும். தரையில் டைல்ஸும் பலகையில் மைக்காவும் ஒட்டியபின் என்ன மிஞ்சும் என்று கணக்கிடுங்கள். பழைய வீட்டுச் சுவர் நேராக இராது. மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்ததையே அளவாகக் கொள்ளுங்கள். கதவு எந்தப் பக்கம், எவ்வளவு திறக்கும் என்று பாருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அந்தச் சமையலறையில் நிற்கப் போகிறவரிடம் முதலில் கேளுங்கள்.

பெட்டியின் உள்ளேயும் காற்றுக்கு இடம் வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் அண்மையில் வந்தது. குர்பானி இறைச்சியைச் சேமித்து வைப்பது பற்றி வீட்டில் பேச்சு எழுந்தது. மக்கள் வறுமையில் இருந்த ஓர் ஆண்டில், அவ்விறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நிலை சீரான பிறகு உண்ணவும் வழங்கவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள். சேமிக்க அனுமதி உண்டுதான். ஆயினும் அன்று எங்கள் உறைவிப்பான் நிறையுமுன் அண்டை வீடுகளின் பாத்திரங்கள் நிறைந்தன. தாயாரின் மருந்தைக் காத்த வீட்டாருக்கு, அவர்கள் ஆட்டிறைச்சி உண்ணாதவர்கள் என்பதால், துணைவியார் பழங்கள் கொடுத்தனுப்பினார்.

மறுவாரம் வகுப்பில் தராசு உதாரணத்தை நான் சொல்லவில்லை. நான்கு அங்குலக் கதையைச் சொன்னேன். ஒரு மாணவன் எழுந்து, “அந்த ஆசாரியார் மன்னிச்சுட்டாரா, ஹஜ்ரத்?” என்று கேட்டான். அவர் மன்னித்துவிட்டார் என்றே நம்புகிறேன். வல்ல அல்லாஹ்வும் மன்னிப்பானாக, ஆமீன்.