நண்டு ஓடுகிறது

சிங்கப்பூரில் மகன் வீட்டுக் கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. போன தடவை வந்தபோது மீன் மட்டும்தான். இப்போது பவளம் வளர்க்கிறான். பாறை மேல் ஏழெட்டுத் துண்டுகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிசு. விலையைக் கேட்டு, இனிக் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். மீதியெல்லாம் மொட்டைப் பாறை.

"இவ்வளவு இடம் சும்மா கெடக்கேடா. நெருக்கி வச்சா இன்னும் பத்து வைக்கலாமே" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் குரல் இல்லை என்று உறைத்தது. அப்பாயியின் குரல்.

"ராத்திரி பார்த்துட்டுச் சொல்லுங்கப்பா" என்றான்.

பத்து மணிக்கு விளக்கணைந்தது. சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சைக் கொடுத்தான். காலக்ஸியா என்று ஒரு பவளம். பகலெல்லாம் நட்சத்திரப் பூவாட்டம் கைகட்டி உட்கார்ந்திருந்த சாது. இப்போது ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி நூல்களை நீட்டி, நுனியில் வெள்ளைப் பொட்டோடு இருட்டைத் துழாவிக்கொண்டிருந்தது. அந்த நூல் பட்டால் பக்கத்துப் பவளத்தின் சதை புண்ணாகிப்போகுமாம். அதனால்தான் அதைத் தொட்டியின் கடைசி மூலையில் ஒட்டியிருக்கிறான். நீரோட்டம் அந்தக் கைகளை இழுத்துக்கொண்டுபோய்க் கண்ணாடியில் விடும். கண்ணாடியை எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டிக்கொள்ளட்டும்.

மற்றவற்றுக்கும் கணக்கு உண்டு. வெளிச்சமும் அலையும் கேட்கிற அக்ரோபோரா பாறை உச்சியில். நிழலே போதும் என்கிற காளான் பவளம் அடியில். நடுவில் சுத்தியல் பவளம், சுற்றிலும் வெற்றிடத்தோடு. ஒட்டுகிற பசை என்னவோ நம்மூர் ஃபெவிக்விக் சாதிதான். ஆனால் ஒட்டின பவளம் பாறையில் படர்ந்துவிட்டால் அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

தள்ளி வைத்தால் எல்லாம் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. மென்பவளங்களில் சில, கையை நீட்டாமலே தண்ணீரில் நஞ்சைக் கசியவிட்டு எதிராளியை முடக்குமாம். அதற்குத் தொட்டியில் கரிப்பை போட்டு வைத்திருக்கிறான். கை நீட்டுகிற உறவைவிட, இருந்த இடத்திலிருந்தே ஊருக்குள் பேச்சைக் கசியவிடுகிற உறவைச் சமாளிப்பதுதான் சிரமம் என்று எனக்குத் தெரியும். அதற்கொரு கரிப்பை இருந்திருந்தால் எத்தனை கல்யாணங்களுக்குத் தைரியமாகப் போயிருப்பேன்!

இந்தப் பவளச் சண்டையைப் பற்றி ஜூடித் லாங் என்ற ஆய்வாளர் ஜமைக்காவில் செய்த வேலை ஒன்று உண்டு. கரீபியக் கடலில் ஒரே இனம் என்று கருதப்பட்ட தனிப்பவளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று தன் வயிற்று இழைகளை வெளியே தள்ளி, அடுத்ததை அது இருந்த இடத்திலேயே செரித்தது. தன் இனத்தானை மட்டும் தொடவில்லை. ஆக, இவை ஒன்றல்ல, இரண்டு இனங்கள் என்று 1971-இல் எழுதினார். நம்மூரில் அடித்துக்கொண்டால் பங்காளி என்று தெரிந்துகொள்வோம். அங்கே அடித்துக்கொண்டால் பங்காளி இல்லை என்று அர்த்தம்.

இந்தியாவில் பவளம் வளர்க்கிற ஆசைக்கு இடமில்லை. பாறை கட்டும் பவளங்களை 2001-இல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த நடவெல்லாம் பேராவூரணிப் பக்கத்துத் தென்னை நடவுதான்.

தாத்தா ஒரு கயிற்றில் 25 அடிக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தார். எட்டு வயதில் அதன் ஒரு நுனி என் கையில். முடிச்சு விழுந்த இடமெல்லாம் குழி, குழிக்குள் முழங்கால் உயரப் பிள்ளை. இரண்டு பிள்ளைக்கு நடுவே பொட்டல். அப்பாயி கொல்லைக்கு வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இதுல ஒரு ஊரே குடியிருக்கலாமே" என்றார். தாத்தா அடிக்கணக்கு எதுவும் பேசவில்லை. நெல்லுக்கு நடுவே நண்டு ஓடணும், கரும்புக்கு நடுவே நரி ஓடணும், வாழைக்கு வண்டி, தென்னைக்குத் தேர் என்று ஊரே சொல்கிற கணக்கைச் சொன்னார். எங்கள் கொல்லைக்குத் தேர் எப்போது வரும் என்று நான் நிஜமாகவே கேட்டேன்.

"வர்றப்ப மரத்தை நகத்த முடியுமாடா?" என்றார்.

பக்கத்துக் கொல்லைக்காரர் 15 அடிக்கு நட்டார். அந்த மரங்கள் வெயிலைத் தேடித் தேடி ஒல்லியாக உயர்ந்தன, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன, காய் கொஞ்சமாகத்தான் பிடித்தன. அப்பாயி கடைசிவரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது இரண்டு கொல்லையும்தான் படுத்தது. சாய்ந்ததையெல்லாம் அறுத்து அள்ளிய பிறகு எங்கள் கொல்லையில் வேர்க்குழிகள் மட்டும் வரிசை பிசகாமல் கிடந்தன. புதுக் கயிறு எதுவும் தேவைப்படவில்லை. அதே குழிகளைப் பார்த்தே மறுபடி நட்டோம்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்கு எழுந்துபோய் டார்ச் அடித்தேன். காலக்ஸியா துழாவிக்கொண்டிருந்தது. சுத்தியலுக்கும் அக்ரோபோராவுக்கும் நடுவில், நான் பத்துத் துண்டு வைக்கச் சொன்ன மொட்டைப் பாறையில், சுண்டுவிரல் நகமளவு நண்டு ஒன்று பக்கவாட்டில் ஓடிற்று. பாறையோடு ஒளிந்து வந்ததாம், அவன் விலை கொடுத்து வாங்காத ஒரே பிராணி.

பின்னால் மகன் நின்றான். "என்னப்பா, தூங்கலையா?"

"நண்டு ஓடுதுடா" என்றேன். "நெல்லுன்னா இது சரியான நடவு. தென்னையா ஆகுமான்னு மட்டும் பார்த்துக்க."