பாட்டி லிப்ட்ல ஏற மாட்டாங்க

ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். நடு மடிப்பில், உள்ளே இருக்கும் இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் கத்தரித்து மறுபடி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். பசை வேண்டாம், ஸ்டேப்ளர் வேண்டாம். நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் மின்னியல் படித்த எனக்கு இதைக் கற்றுக்கொள்ள மூன்று தாள் வீணானது.

எங்கள் வட்டார நூலகத்தில் சனிக்கிழமை மதியம் பதின்ம வயதினருக்கான தமிழ் நிகழ்ச்சியை நடத்தும் தொண்டூழியன் நான். அதற்கு முன்பு கிட்ஸ்ரீட் திட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். தேசிய நூலக வாரியம் 2004இல் தொடங்கிய திட்டம் அது. வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டூழியர்கள் கதை வாசிப்பார்கள். அந்த வயதில் குரலை மாற்றிக் கரடி மாதிரி உறுமினால் போதும், மடியில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் முன்னால் உறுமினால் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள்.

முதலில் ஒரு சிறுகதையைக் கொடுத்து ‘கலந்துரையாடல்’ வைத்தேன். முதல் வாரம் ஒன்பது பேர். அடுத்த வாரம் நாலு. மூன்றாம் வாரம் ஒரே ஒரு பையன். அவனும் டியூஷனுக்கு நேரம் இருக்கிறது, இங்கே ஏர்கான் நன்றாக இருக்கிறது என்பதால் வந்தவன். “அண்ணா, இதுவும் தமிழ் வகுப்பு மாதிரிதானே?” என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை.

அப்புறம்தான் இந்தத் தாள் புத்தகம். ஒரே ஒரு விதி: உங்கள் புளோக்கில் நடக்கும் விஷயமாக இருக்க வேண்டும். படம் வரையலாம், எழுதலாம், இரண்டும் செய்யலாம். கூட்டம் மெல்லத் திரும்பியது. ஒருத்தன் தாழ்வாரத்தில் காணாமல் போகும் செருப்புகளைத் துப்பறிந்தான். ஓர் அம்மா மட்டும் வாசலில் என்னை நிறுத்தி, “தம்பி, இதுனால ஓ நிலைக்கு மார்க் கூடுமா?” என்று கேட்டார்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு பெண் தன் பாட்டியைப் பற்றி எழுதினாள். பழைய கழக அடுக்குமாடிகளில் மின்தூக்கி எல்லாத் தளத்திலும் நிற்காது. 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் பல புளோக்குகளில் ஒவ்வொரு தளத்திலும் நிற்க ஆரம்பித்தது. பாட்டி வீடு மூன்றாம் மாடி. அரிசி மூட்டையோடு வருஷக்கணக்காகப் படியேறியவர். இப்போது வாசலிலேயே வந்து நின்றாலும், “இத்தன வருஷம் நிக்காதது இப்ப எதுக்கு?” என்று படியிலேயே ஏறுகிறார். எட்டுப் பக்கமும் படிகள்தான். முதல் பக்கத்தில், ‘பாட்டி லிப்ட்ல ஏற மாட்டாங்க.’

நான் பகலில் மின்தூக்கி பராமரிப்பு வேலை பார்க்கிறவன். அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. பிடித்ததால் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ‘லிப்ட்ல’ என்பதை அடித்து ‘மின்தூக்கியில்’. ‘மாட்டாங்க’ என்பதை அடித்து ‘மாட்டார்’. எட்டுப் பக்கத்தில் பதினொரு திருத்தம். அவள் “சரிண்ணா” என்று மட்டும் சொன்னாள். புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

தொடக்கநிலையில் என் கட்டுரைத் தாளிலும் இதே சிவப்பு வட்டங்கள் இருந்தன. வீட்டில் அம்மா பேசும் சொல் எல்லாம் பிழை என்று நான் நம்பியது அப்போதுதான். அதற்குப் பிறகு ரொம்ப நாள் வெளியில் தமிழ் பேசவே யோசித்தேன். பள்ளித் தமிழில் பேச்சுத்தமிழுக்கு இடம் வேண்டும் என்று பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005லேயே பரிந்துரைத்துவிட்டது. எந்தத் தேர்வும் இல்லாத ஒரு நூலக அறையில், யாரும் கேட்காமலேயே அந்த வட்டங்களைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எழுத்துத்தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையையே அதில்தான் எழுதுகிறேன். ஆனால் ‘மின்தூக்கியில் ஏறமாட்டார்’ என்று எழுதியதும் அந்தப் பாட்டி வேறு யாரோ ஆகிவிடுகிறார்.

நல்லவேளையாக, திருத்துவதற்கு முன் நூலக அதிகாரிக்கு அனுப்ப எட்டுப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதை அச்செடுத்து மடித்தேன். பதிவுப் படிவத்தில் இருந்த அவள் அம்மாவின் எண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு, புத்தகத்தைத் தமிழ் அலமாரிப் பக்கத்துப் பெட்டியில் வைக்கலாமா என்று எழுதினேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது.

“வெக்கலாம்னு சொல்றா. பேரு மட்டும் போட வேணாமாம்.”

பெட்டியில் இருக்கிறது. பேர் போடவில்லை. போன வாரம் அந்த ஏர்கான் பையன் அதை எடுத்து நின்றபடியே வாசித்தான். முடித்ததும் திரும்ப முதல் பக்கத்துக்குப் போனான். அவள் இன்னும் வரவில்லை.